விலைக்கு வந்த உயிர்

பொருளுக்கு விலை உண்டு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. உயிருக்கு விலை உண்டோ என்று வினவினால், இல்லை என்றே அனைவரும் விடை பகர்வர். ஆயினும் உலகின் எல்லா நாடுகளிலும் உயிர்கள் விலைக்கு விற்கப்படுகின்றன, நாமும் வாங்குகின்றோம். உழவுக்கு எருதும் பாலுக்குப் பசுவும் வாங்குதல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அங்கே பயன் கருதிய கொடுக்கல் வாங்கல் உண்டு. பயன் எதுவும் கருதாது, அன்பு செலுத்துவதற்கென்றே ஓர் உயிரைக் கடையில் விலை கொடுத்து வாங்குவது வேறு வகை. அவ்வாறு வாங்கிய உயிருக்கு நாம் உடையவரா, அன்றிக் கடன்பட்டவரா? இவ்வினாவே நாம் ஈண்டு ஆராயப் புகுவது.

இவ்வாராய்ச்சிக்குக் கனடா நாட்டுச் சிற்றூர் ஒன்றனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தொலைநாட்டுச் செய்தி நமக்கு எதற்கு என்று அன்பர் சிலர் கேட்கலாம். அண்மையில் உள்ளதை விருப்பு வெறுப்பின்றி நோக்குதல் அரிது. சேய்மையில் உள்ளதை ஓரளவேனும் நடுநிலையோடு நோக்கலாம். அன்றியும், நம்மவர் குடும்பங்கள் பலவற்றின் மக்கள் இன்று அந்நாட்டில் கல்வி கற்கவும் பணிபுரியவும் சென்றுள்ளனர். அவர்கள் மிதிக்கும் மண்ணின் நல்லதும் அல்லதும் நாம் அறியத்தக்கனவே.

கனடாவின் சிற்றூர் என்பது பெரும்பாலும் ஒரு முதன்மைத் தெரு. அதன் இருமருங்கும் சில கடைகள், ஓர் அஞ்சலகம், பள்ளி, தேவாலயம், பனிக்கட்டி மேல் ஹாக்கி ஆடும் அரங்கம். ஆண்டில் ஏறக்குறைய ஐந்து திங்கள் பனி மூடிக் கிடக்கும் ஊர்கள் அங்கே பல. வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை காட்டும் நாள்களில், தெருவில் நின்று அண்டை அயலாரோடு உரையாடுதல் இயலாது. அத்தகைய ஊரில் வளர்ப்புப் பிராணிகளுக்கான கடை வெறுங்கடை அன்று. கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தால் வெம்மை உண்டு. மீன்தொட்டியின் முன்னே குழந்தைகள் உண்டு. சுவரில் ஓர் அறிவிப்புப் பலகையும் உண்டு. காணாமற்போன பூனையின் படம், நாயை நடத்திச் செல்ல ஆள் வேண்டும் என்ற குறிப்பு, வெளியூர் செல்வோரின் கிளியைப் பார்த்துக்கொள்ள முன்வருவோரின் தொலைபேசி எண் ஆகியவை அதில் ஒட்டப்பட்டிருக்கும். தனித்து வாழும் முதியவர் ஒருவர் பூனைக்குத் தீனி வாங்க வருவார்; அதைச் சாக்கிட்டுக் கால்மணி நேரம் பேசிவிட்டுச் செல்வார். மனிதரை மனிதரோடு சேர்க்கும் பணியை வாயில்லா உயிர்கள் செய்கின்றன என்று கூறின் அது மிகையன்று.

இந்நன்மையை நாம் முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். பிராணிக் கடை என்றாலே கொடுமை என்று கூறிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அது நடுநிலை ஆகாது. தனிமை என்பது குளிர்நாட்டில் ஒரு நோய். அந்நோய்க்கு ஒரு நாயோ பூனையோ மருந்தாவது மெய்யே. ஆனால் மருந்து ஓர் உயிராக இருக்கும்போது, நோய் தீர்ந்தபின் மருந்துப் புட்டியைப் போல அதனைத் தூக்கி எறிய இயலுமோ?

இனி நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். ஆல்பர்ட்டா மாநிலத்தில், கல்கரி நகருக்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், ராக்கி மலைத்தொடரின் மடியில் அமைந்துள்ள ஊர் கான்மோர். பான்ஃப் தேசியப் பூங்காவின் வாயிலில் உள்ளது. நிலக்கரிச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர் அது. சுரங்கம் 1979-இல் மூடப்பட்டது. 1988-இல் கல்கரியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது நெடுந்தொலைவுப் பனிச்சறுக்குப் போட்டிகள் இவ்வூரில் நிகழ்ந்தன. அதன்பின் சுற்றுலாவால் புதுவாழ்வு பெற்றது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 16,000. நம் நாட்டில் ஒரு பெரிய கிராமத்தின் அளவே ஆகும்.

இவ்வூரில் 1980-களில் வளர்ப்பு முயல்கள் சில வெளியே விடப்பட்டன. யார் வளர்த்தார், யார் விட்டார் என்று ஒருவரைச் சுட்டிப் பழிப்பதில் பயனில்லை. குழந்தைக்கு விளையாட்டாக வாங்கியது, வளர்ந்தபின் சலித்துப்போனது, கொல்ல மனம் வராதது, ஆகவே திறந்துவிட்டது என்னும் கதை எல்லா ஊர்களுக்கும் பொதுவானதே. மேலைநாடுகளில் ஈஸ்டர் திருநாளை ஒட்டிப் பிள்ளைகளுக்கு முயற்குட்டி வாங்கித் தருவோர் உண்டு. திருநாள் ஒருநாளில் முடிந்துவிடும். முயலோ நன்கு பேணினால் எட்டு, பத்து ஆண்டுகள் வாழக்கூடியது. இக்கணக்கைக் கடையில் நின்று போட்டுப் பார்ப்போர் சிலரே.

முயலின் சூற்காலம் ஏறத்தாழ 30 நாள். ஈன்ற உடனேயே மீண்டும் சூல்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. ஆகவே சிலவாகத் தொடங்கியவை ஆண்டுகள் செல்லச்செல்ல நூற்றுக்கணக்கில் பெருகின. வெள்ளை, கருமை, பழுப்பு எனப் பல நிற முயல்கள் தெருக்களிலும் வீட்டு முற்றங்களிலும் துள்ளித் திரிந்தன. சுற்றுலா வந்தோர் மகிழ்ந்து படம் பிடித்தனர். தோட்டம் போட்டவர்களோ தலையில் கைவைத்துக்கொண்டனர். அதனினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. கான்மோர் அமைந்துள்ள பள்ளத்தாக்கு காட்டு விலங்குகள் நடமாடும் வழி. கயோட்டி என்னும் ஓநாயினச் சிறுவிலங்கும், கூகர் என்னும் மலைச்சிங்கமும் எளிதில் கிடைக்கும் இரையை நாடி வீடுகளின் அருகே வரலாயின. முயலைத் தேடிவரும் விலங்கு குழந்தையைக் கண்டால் என்ன ஆகும் என்னும் அச்சம் பெற்றோர் உள்ளத்தில் குடிகொண்டது.

2010-களின் தொடக்கத்தில் நகராட்சி முயல்களைப் பொறிவைத்துப் பிடித்துக் கொல்லும் திட்டத்தை மேற்கொண்டது. ஊர் இரண்டுபட்டது. கருத்தடை செய்து காப்பகத்தில் வைத்து வளர்க்கலாம் என்று ஒரு சாரார் வேண்டினர். முயலைக் காக்கப் போய் மனிதரையும் காட்டு விலங்குகளையும் இடருக்கு உள்ளாக்கலாமோ என்று மறு சாரார் வாதிட்டனர். ஒரே தேவாலயத்தில் வழிபடுவோரும் ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவோரும் எதிரெதிர் அணிகளாயினர். பல ஆண்டுகள் இவ்வழக்கு ஓயவில்லை.

இதில் எவர் பக்கம் அறம் என்று கேட்டால் விடை கூறுதல் கடினம். இரு சாராரும் நல்லோரே. இரு சாராரிடமும் நியாயம் உண்டு. கொன்றாலும் தீங்கு, கொல்லாவிடினும் தீங்கு என்னும் நிலை. தீமைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இந்நெருக்கடிக்குள் அவர்களைத் தள்ளியவர் யார்? முப்பது ஆண்டுகளுக்கு முன் கூண்டைத் திறந்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டு வீடு திரும்பியவரே அல்லரோ? அவர் கொல்லவில்லை. குருதியைக் காணவில்லை. தாம் ஓர் உயிருக்கு விடுதலை அளித்ததாகவே எண்ணி மகிழ்ந்திருப்பார். தம் கை கறைபடாமல் காத்துக்கொண்டவர், அக்கறையை ஊரின் கையில் பூசிவிட்டார். ஒருநாளும் முயல் வாங்காத நகராட்சி உறுப்பினர், கொல்லும் ஆணைக்குக் கை உயர்த்த வேண்டியதாயிற்று.

ஈண்டு விடுதலை என்னும் சொல்லைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். காட்டிலிருந்து பிடித்துவந்த கிளியைக் கூண்டிலிருந்து பறக்கவிடுதல் விடுதலை. அதற்குத் திரும்பிச் செல்ல ஒரு காடு உண்டு. தலைமுறை தலைமுறையாக மனிதன் கையால் உண்டு வளர்ந்த உயிருக்கோ மனிதன் மனையே காடு. வளர்ப்பு முயல் ஐரோப்பிய இனத்தது. வட அமெரிக்க மண்ணுக்கே உரியதன்று. அம்மலைநாட்டிற்கு உரிய பனிமுயல் குளிர்காலத்தில் வெண்ணிறம் பூண்டு பனியில் மறைந்துகொள்ளும். கடையில் வாங்கிய கருமுயலுக்கு அவ்வரம் இல்லை. வெண்பனியின்மேல் கரும்புள்ளியாய் ஓடும் அதனைக் கழுகும் காணும், கயோட்டியும் காணும். இதனை விடுதலை என்பது சொல்லுக்குச் செய்யும் தீங்கு. இதன் உண்மைப் பெயர் கைவிடுதல்.

மீனுக்கும் இதுவே கதை. ஆல்பர்ட்டாவின் செயின்ட் ஆல்பர்ட் நகரில், தொட்டியில் வளர்த்துச் சலித்த தங்கமீன்களை மழைநீர்க் குட்டைகளில் விட்டனர். அவை அங்கே பெருகின. பனிக்கட்டிப் போர்வையின் அடியிலும் பிழைத்துக்கொண்டன. ஆறுகளிலும் ஏரிகளிலும் புகுந்துவிடின் அந்நிலத்து மீன்களுக்கு வாழ்விராது என்று அரசு எச்சரிக்க வேண்டியதாயிற்று. உள்ளங்கை நீரில் அடங்கும் ஒரு மீன் ஒரு மாநிலத்தின் கவலையாக மாறிவிட்டது.

ஆகவே வாங்கிய உயிர் என் உடைமை, அதனை வைத்திருப்பதும் விடுவதும் என் உரிமை என்னும் வாதம் நிலைபெறுவதில்லை. நாற்காலியைத் தெருவில் போட்டால் அது நாற்காலியாகவே கிடக்கும். உயிரைத் தெருவில் விட்டால் அது பசிக்கும், ஈனும், அஞ்சும், நோயுறும், பிறவற்றைத் தாக்கும். உயிர் என்பது நம் கையை விட்டு நீங்கியபின்னும் நம் செயலைத் தொடர்ந்து செய்துகொண்டிருப்பது. ஆதலின் அதன்பால் நாம் கொள்ளும் உறவு உடைமை ஆகாது, கடனே ஆகும். விலைச்சீட்டு அக்கடனின் தீர்வு அன்று, தொடக்கம்.

சட்டமும் இவ்வுண்மையை மெல்ல மெல்லவே உணர்ந்து வருகின்றது. கனடாவின் குற்றவியல் சட்டத்தில் விலங்கு வதைக்கான பிரிவுகள் சொத்துக்கு இழைக்கும் தீங்குகளைப் பற்றிய பகுதியிலேயே அமைந்துள்ளன. கியூபெக் மாநிலம் 2015-இல் தன் உரிமையியல் சட்டத்தைத் திருத்தி, விலங்குகள் பொருள்கள் அல்ல, அவை உணர்வுடையவை, அவற்றுக்கு உடல்சார்ந்த தேவைகள் உண்டு என்று அறிவித்தது. எனினும் சொத்துக்குரிய விதிகள் அவற்றுக்குத் தொடர்ந்து பொருந்தும் என்பதையும் அதே திருத்தம் உடன் கூறிற்று. ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பாதி வாங்கிக்கொண்டது போன்றதே இது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2024-ஆம் ஆண்டு முதல், கணவனும் மனைவியும் பிரியும்போது வீட்டு நாய் யாரிடம் இருத்தல் வேண்டும் என்பதை முடிவு செய்கையில், அதனைப் பேணியவர் யார், இனிப் பேணும் விருப்பமும் ஆற்றலும் உடையவர் யார் என்பவற்றையும் நீதிமன்றம் நோக்குகின்றது. வாங்கியவர் யார் என்னும் வினாவோடு பேணியவர் யார் என்னும் வினாவும் சேர்ந்துகொண்டமை அறத்தின் வளர்ச்சி எனலாம்.

கடைகளின் போக்கும் மாறிற்று. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரிச்மண்ட் நகரம் 2011-ஆம் ஆண்டு முதல் கடைகளில் நாய்க்குட்டி விற்பதைத் தடைசெய்தது. வான்கூவர் நகரம் 2018-இல் நாய், பூனை ஆகியவற்றோடு முயலையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. இன்று பெருங்கடைகள் பலவற்றில் நாயும் பூனையும் விற்பனைக்கு இல்லை. தீனியும் கழுத்துப்பட்டையும் மட்டுமே உண்டு. அதே கடையின் ஒரு மூலையில், கைவிடப்பட்ட பூனைகளைக் காப்பகத்தார் கொணர்ந்து வைத்திருப்பர். விரும்புவோர் படிவம் நிரப்பி, வீட்டு நிலையைக் கூறி, தத்து எடுத்துச் செல்லலாம். விற்குமிடம் ஒப்படைக்குமிடமாக மாறுகின்றது. வாங்குவோன் பணத்தை மட்டும் காட்டினால் போதும் என்றிருந்த நிலை மாறி, தன்னைக் காட்ட வேண்டியவனாகின்றான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. எதை விற்கலாம், எதை வளர்க்கலாம் என்று ஊர் கூடி முடிவு செய்வது தனிமனிதனின் உரிமையில் தலையிடுவதன்றோ என்பர். ஆல்பர்ட்டா மாநிலமே இதற்கும் விடை தருகின்றது. அம்மாநிலம் 1950 முதல் எலி ஒழிப்பை முறையாக நடத்தி வருவது. உழவரின் தானியக் களஞ்சியங்களைக் காத்தற்பொருட்டு, செல்லப் பிராணியாகக்கூட எலி வளர்த்தல் அங்கே பொதுமக்களுக்குத் தடை. ஏனைய மாநிலங்களின் கடைகளில் கிடைக்கும் வெள்ளை எலி ஆல்பர்ட்டாவின் கடையில் கிடைக்காது. எலி வளர்க்க விரும்பும் சிறுவனுக்கு இது வருத்தமே. ஆயினும் ஊர் அதனைத் தாங்கிக்கொள்கின்றது. தானியத்தின் பொருட்டு ஓர் எல்லை வகுக்க ஊருக்கு உரிமை உண்டெனில், உயிரின் பொருட்டு ஓர் எல்லை வகுக்கவும் உரிமை உண்டு. அதில் பிழை காண இடமில்லை.

நம் மரபில் கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த செய்தியை அறியாதார் இலர். மயில் குளிரால் நடுங்குவதாகக் கருதினான். தன் தோளிலிருந்த போர்வையை எடுத்துப் போர்த்தினான். மயிலுக்குப் போர்வை வேண்டுமோ என்று அவன் ஆராயவில்லை. அறிவுக்கு எட்டாத அவ்வன்பைக் கொடைமடம் என்று போற்றினர் நம் முன்னோர். ஆனால் ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பேகனின் மயில் காட்டு மயில். போர்வை பாரமாயின் அதனை உதறிவிட்டுத் தன் வழியே சென்றிருக்கும். நம் கூண்டில் உள்ள உயிர், நம் அறியாமையை அவ்வாறு உதறிவிட்டுச் செல்ல இயலாது. நாம் தவறான தீனி இட்டால் அதையே உண்ணல் வேண்டும். சிறு கூண்டு தந்தால் அதனுள்ளேயே திரும்புதல் வேண்டும். தன் உயிர்க்குத் தானே உரியதாக உள்ள உயிரிடத்து அன்பு மட்டும் போதும். நம்மை நம்பி வாழும் உயிரிடத்து அன்போடு அறிவும் வேண்டும். அறிவோடு நீடித்த பொறுமையும் வேண்டும்.

அருளுக்கும் ஒரு காலம் உண்டு என்பதே கான்மோர் நமக்குப் புகட்டும் பாடம். கடையின் வாயிற்படியில் நின்று, வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அது முழு அருள். வாங்கியபின் பத்தாண்டு பேணியிருந்தால் அதுவும் முழு அருள். பேண இயலாதபோது வெட்கப்படாமல் காப்பகத்தில் ஒப்படைத்திருந்தால் அது முக்கால் அருள். இவை யாவற்றையும் தவறவிட்டபின், நூற்றுக்கணக்கில் பெருகிய உயிர்களின்முன் கண்ணீர் விடுவது அருளின் நிழல் மட்டுமே. காலம் கடந்த இரக்கத்துக்கு நல்ல வழி எதுவும் எஞ்சியிருப்பதில்லை.

விற்றவர், பணம் பெற்றதோடு என் பொறுப்பு தீர்ந்தது என்கின்றார். வாங்கியவர், திறந்துவிட்டதோடு என் பொறுப்பு தீர்ந்தது என்கின்றார். அயலார், அது எனதன்று என்கின்றார். ஒரு கோப்பு மேசைக்கு மேசை தள்ளப்பட்டுக் கடைசியில் எவர் மேசையில் தேங்குமோ அவரே பழி சுமப்பது போல, உயிரின் பொறுப்பும் கைமாறிக் கைமாறி ஊரின் தலையில் வந்து விழுகின்றது. கோப்பாவது தேங்கிக் கிடக்கும், உயிர் தேங்குவதில்லை.

இவ்வளவும் கனடா நாட்டுக் கதை என்று நாம் கடந்துவிடுதல் இயலாது. நம் நாட்டிலும் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே இயற்றப்பட்டது; பிராணிக் கடைகளுக்கெனத் தனி விதிகள் 2018-இல் வந்தன. ஆனால் விதி கடையை நோக்கியது. நாம் நோக்க வேண்டியது நம் வீட்டை. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மில் பலர் மாற்றல் ஆணையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்குபவர்கள். மூன்றாண்டு ஓர் ஊர், நான்காண்டு வேறோர் ஊர் என்பது நம் வாழ்க்கை. பள்ளி மாறித் தோழரை இழந்து வாடும் பிள்ளை ஒரு நாய்க்குட்டி கேட்கின்றது. மறுக்க மனம் வருவதில்லை. பின்னர் மாற்றல் வருகின்றது. கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறுகின்றன. நாய் மட்டும் குடியிருப்பின் வாயிலில் நின்று லாரியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது. எதிர்வீட்டார் சோறு போடுவார்கள் என்று நாம் நம்மையே தேற்றிக்கொள்கின்றோம். கான்மோரில் கூண்டைத் திறந்தவரும் இவ்வாறே தம்மைத் தேற்றிக்கொண்டிருப்பார்.

ஆகவே பிள்ளை கேட்கும்போதே பிள்ளையோடு அமர்ந்து மூன்று வினாக்களை எண்ணிப் பார்ப்போம். இவ்வுயிர் எத்தனை ஆண்டு வாழும்? அத்தனை ஆண்டும் நாம் எங்கே இருப்போம்? நம்மால் இயலாத நாளில் இதனை ஏற்பவர் யார்? மூன்றுக்கும் விடை இருப்பின் மகிழ்ச்சியோடு வரவேற்போம். இயன்றால் விலைக்கு வாங்காது, கைவிடப்பட்ட ஒன்றையே ஏற்போம். விடை இல்லையெனில், வேண்டாம் என்று சொல்வோம். அன்று பிள்ளை அழும். அவ்வழுகை ஒரு மாலையில் ஓய்ந்துவிடும். அதனைத் தாங்க அஞ்சி நாம் வாங்கும் உயிர், நம்மைப் போல் லாரியேறி ஊர் மாறிச் செல்ல இயலாதது. வேண்டாம் என்று சொல்லக் கற்ற பிள்ளையே, பின்னொரு நாள் வேண்டும் என்று சொன்ன உயிரை விடாமல் காக்கும்.